என் பெயரில் நீ பாடிய பாட்டு

அன்புக்கும் எரிச்சலுக்கும் ஒரே ஆளாக எனக்கு வாய்த்த அந்தோணி மச்சானுக்கு,

நான்தான், சூசை. உன் தங்கை ஆரோக்கியத்தின் புருஷன். எழுத்தைப் பார்த்துவிட்டு வேறு யாரோ என்று நினைத்துவிடாதே. பேங்கில் கைநாட்டு வைத்துவிட்டு, கட்டைவிரல் மையை உன் வேட்டியில் துடைத்த அதே சூசைதான். இப்போது எழுதுகிறேன். இந்த நாலு வரியை எழுதி முடிப்பதற்குள் பக்கத்தில் இருந்த காபி ஆறிவிட்டது. ஆறட்டும் மச்சான். காபி தினமும் வரும்.

பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் எங்களைப் போன்ற கிழடுகளுக்கு வகுப்பு நடக்கிறது. பதினோரு பேர் படிக்கிறோம். டீச்சருக்கு என் மகள் வயதுகூட இல்லை. “தாத்தா, பென்சில மம்பட்டி மாதிரி புடிக்காதீங்க” என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெண்ணுக்கு வாய் வலித்திருக்கும். எனக்கோ ஒரே குஷி. உரமூட்டையில் இருப்பதைப் படிக்கிறேன், மாத்திரை அட்டையைப் படிக்கிறேன், சுவரில் ஒட்டியிருப்பதையெல்லாம் நின்று படிக்கிறேன். போன மாதம் கும்பகோணம் பஸ்ஸில் ஏறினால் தலைக்கு மேலே ‘படியில் நிற்காதீர்’ என்று எழுதியிருக்கிறது. ஐம்பது வருடமாக அதற்கு நேர் கீழே நின்றுதான் பிரயாணம் செய்திருக்கிறேன்! படித்த மரியாதைக்கு அன்றைக்கு உள்ளே போய் நின்றேன்.

இந்த வயதில் உனக்கு எழுத்து எதற்கு என்று கேட்பாய். எல்லாம் உன்னால்தான். சாகும்போதாவது சும்மா செத்தாயா நீ?

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாய்? “கல்லறைத் திருநாளன்னிக்கு அந்தப் பாட்ட எங்கிட்ட வந்து பாடு மாப்ளே. முழுசாப் பாடணும். வேற எவனும் பாடக் கூடாது, நீதான் பாடணும்.” உலகத்தில் எத்தனையோ பேர் சாகும்போது ஒரு வாய் தண்ணீர் கேட்கிறார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். உனக்கு அந்தப் பாட்டு வேண்டியிருந்தது. அதையும் நான் பாட வேண்டியிருந்தது.

இந்தக் கடிதத்தை ஊர் பெயர் போடாமல் ஏதோ வெளியூர்ப் பத்திரிகைக்கு அனுப்பப்போவதாக டீச்சர் சொல்லியிருக்கிறார். அதனால் வெளியூரில் இருந்து படிக்கிறவர்களுக்காக அது என்ன பாட்டு என்று சொல்லிவிடுகிறேன். ஒருத்தன் ஒரு பெண்ணை விரும்புகிறான். அவளை வேறு ஊரில் கட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். கூண்டு வண்டி அவளை ஏற்றிக்கொண்டு போகிறது, இவன் வரப்பில் நின்று பார்க்கிறான். அவ்வளவுதான் கதை. இப்படி ஆரம்பிக்கும்:

*வரப்போரம் நின்னானே சூசை – வந்த*
*வண்டியிலே போயிருச்சு ஆசை*

அந்தச் சூசை நான்தான். அதாவது, நான்தான் என்று நாற்பத்தைந்து வருடமாகச் சுற்றுவட்டாரம் முழுக்க நம்புகிறது.

நடவில் பாடினாய், கல்யாணத்தில் பாடினாய், மாதா திருவிழாவில் மைக் கட்டிப் பாடினாய். நீ ஓய்ந்த இடத்தில் ஊர் எடுத்துக்கொண்டது. நான் டீக்கடைக்குள் நுழைந்தால் பெஞ்சில் இருப்பவன் “வரப்போரம்” என்பான், அடுப்புக்குப் பின்னால் இருப்பவன் “நின்னானே” என்பான். சுண்டைக்காய்ப் பயல்களெல்லாம் என்னைப் பார்த்து “ஆசை போயிருச்சா தாத்தா?” என்று கேட்டிருக்கிறார்கள். மேளக்காரர்கள் அதற்கு ஓர் அடி வைத்துவிட்டார்கள் மச்சான். நான் நடந்தால் அந்த அடிக்குத்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

உன்னிடம் ஒருமுறை சண்டைக்கே வந்தேன். ஞாபகம் இருக்கிறதா?

“ஏன் மச்சான், ஊர்ல வேற பேரே கெடைக்கலியா ஒனக்கு? ஒம் பேரையே போட்டுக்க வேண்டியதுதானே?”

“ஆசைக்கு சூசைதான் மாப்ளே உக்காருது. அந்தோணின்னு போட்டா தோணி, ஏணின்னுதான் வரும். அதுல எங்கேருந்து அழுக வரும்?”

சிரித்துவிட்டேன். சிரித்ததுதான் தப்பு. சிரித்தவன் அப்புறம் எப்படிச் சண்டை போடுவது?

ஊர் நம்பியதற்கும் ஒரு காரணம் உண்டு. ஆரோக்கியத்தைக் கட்டுவதற்கு முன்னால் பூதலூர் பக்கம் ஒரு பெண் பார்க்கப் போனேன். காபி கொடுத்தார்கள், பாதி குடித்தேன். சொல்லியனுப்புகிறோம் என்று அவள் அப்பா சொன்னார். இன்னும் சொல்லியனுப்பவில்லை. அந்தப் பெண்ணின் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை, டம்ளர்தான் ஞாபகம் இருக்கிறது. அந்த அரை டம்ளர் காபியை நீ காவியமாக்கிவிட்டாய் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ஒன்றை இங்கே ஒப்புக்கொள்கிறேன். கேட்டுக் கேட்டு நானே கொஞ்சம் நம்பிவிட்டேன். பூதலூரைத் தாண்டும்போது ரயிலில் ஜன்னலோரமாக எட்டிப் பார்த்திருக்கிறேன். எதைப் பார்த்தேன் என்று கேட்காதே.

உனக்கு இதெல்லாம் தமாஷ். அந்தப் பாட்டோடு குடித்தனம் நடத்தியது நான்தானே? உன் தங்கைக்குச் சாதாரணமாக வாயில் ‘ங்க’ இல்லாமல் வார்த்தை வராது. குழம்பில் உப்பு கொஞ்சம் கூட என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். “பூதலூர்க்காரி வந்து அளவா உப்புப் போடுவா, போங்க.” நான் சும்மா உட்கார்ந்திருந்தால், “என்ன, வண்டி வருதான்னு பாக்குறீங்களா?” கூடப்பிறந்தவளின் வீட்டில் கொள்ளி வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் அதே வீட்டில் வந்து மீன் குழம்பும் சாப்பிட்டாய். கல்யாணமும் கட்டாமல், ஒற்றை ஆளாக, எங்கள் வீட்டில் தட்டைப் போட்டுக்கொண்டு!

அதனால் உன் கடைசி ஆசையை நான் சொன்னபோது அவள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். “அண்ணன் கல்லறைக்குப் பூ வைக்கலாம், மெழுகுவத்தி ஏத்தலாம், செபம் சொல்லலாம். அந்தப் பாட்ட நீங்க அங்க பாடுனா நான் வரவே மாட்டேன். என்னிக்கும் வரமாட்டேன்.”

பாடாவிட்டால் உனக்குக் கொடுத்த வாக்குப் போகும். பாடினால் உன் கல்லறைக்கு உன் தங்கை வரமாட்டாள். உனக்கென்று இருக்கிற ரத்தம் அவள் ஒருத்திதான். இப்படி ஒரு இடுக்கில் என்னை நிறுத்திவிட்டு நீ நிம்மதியாகப் படுத்துக்கொண்டாய்.

சரி, எது எப்படிப் போனாலும் முதலில் பாட்டு முழுதாகத் தெரிய வேண்டுமே. எனக்கு முதல் இரண்டு வரிதான் தெரியும். நீ அதை ஆரம்பித்ததும் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவேன். ஆரோக்கியமும் அப்படித்தான், வேறு பக்கம் போவாள். ஊரே முழுதாகக் கேட்ட பாட்டை நாங்கள் இரண்டு பேரும் கேட்டதே இல்லை. எழுதி வைத்துக்கொண்டு பார்த்துப் பாடலாம் என்றுதான் வகுப்பில் போய்ச் சேர்ந்தேன்.

கும்பகோணத்தில் நர்ஸாக இருக்கும் எங்கள் மகள் ஜெயா, ஏதோ ஒரு கல்யாணத்தில் நீ பாடியதைப் போனில் பிடித்து வைத்திருந்தாள். அனுப்பினாள். வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அதைப் போடுவேன். ஒரு சொல் கேட்பேன், நிறுத்துவேன், எழுதுவேன். மறுபடி போட்டால் நீ மறுபடி அதே சொல்லைப் பாடுவாய். உயிரோடு இருந்தபோது இவ்வளவு பொறுமையாக நீ எனக்கு எதையும் சொன்னதில்லை.

மூன்றாவது வரி இது:

*மண்ணலசி முடிபோட்ட கைய – அவ*
*மறப்பாளோ மாமனூரு போயி*

‘முடி’ என்று எழுதியதும் பென்சில் நின்றுவிட்டது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முடி என்பது நாற்றுக் கட்டு. பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டே பின்னால் வருவார்கள். ஓர் ஆள் முடிகளை அவர்கள் கைக்கு எட்டுகிற இடமாகப் பார்த்துப் போட்டுக்கொண்டே போக வேண்டும். நாற்றுப் பறிக்கிறவர்கள் அவசரத்தில் பாதி மண்ணோடு கட்டிவிடுவார்கள். அந்த முடியைப் பிரித்து நடுவதற்குள் நகக்கண் வெடித்துவிடும். அதைப் போகிற போக்கில் எறியாமல், வாய்க்காலில் இன்னொரு தடவை அலசி, வேரை வெள்ளையாக்கிப் போடுவதற்கு யாருக்கு மச்சான் நேரம் இருக்கிறது? யாருக்கு மனசு இருக்கிறது?

நான் முடி போட்டவன் இல்லை. நான் பரம்படித்தவன். சேற்றைச் சமப்படுத்திவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு அடுத்த வயலுக்குப் போய்விடுவேன். பெண்கள் இறங்கும்போது நான் அந்த வயலில் இருக்கவே மாட்டேன். நம் நடவில் முடி போட்ட கை ஒரே கைதான்.

ஒரு நாள் முழுக்க அடுத்த வரியை எழுதவில்லை. மறுநாள் எழுதினேன்.

*எடக்கையால அவ ஊனி வச்ச நாத்து – அது*
*எங்கன்னு கேக்குதடா காத்து*

இடது கையால் நடுகிற பெண்ணை வரிசையின் நடுவில் விடமாட்டார்கள், முழங்கை இடிக்கும் என்று. ஓரமாக, வரப்பை ஒட்டி விடுவார்கள். நம் நடவில் அப்படி ஒருத்தர்தான் இருந்தார். அடுத்த தெரு. லுத்தரன் கோயிலுக்குப் போகிற குடும்பம். ஒரே குளத்தில் குளித்தோம், ஒரே வயலில் நட்டோம், ஒரே கிறிஸ்து என்றுதான் சொன்னோம். ஆனால் அவர்கள் கோயிலில் நாம் பெண் எடுத்ததில்லை, நம் கோயிலில் அவர்கள் எடுத்ததில்லை. அப்போதெல்லாம் அப்படித்தான். இப்போது என் பேரனுக்கு எந்தக் கோயிலில் பெண் பார்த்தாலும் சரி என்கிறாள் உன் தங்கை.

அவள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நான் காகிதத்தோடு போய் எதிரில் உட்கார்ந்தேன்.

“ஆரோக்கியம், ஒண்ணு கேக்குறேன். நம்ம நடவுல முடி போட்டது யாரு?”

“இதென்ன கேள்வி? எங்கண்ணன்தான்.”

“நான் போட்டிருக்கேனா?”

“நீங்களா? ஒரே ஒரு தடவ போட்டீங்க. எம் முதுகுல வந்து விழுந்துச்சு. அதுக்கப்புறம் ஒங்கள யாரு போடவிட்டா?”

நான் காகிதத்தை விரித்து, எழுத்துக் கூட்டி அந்த ஆறு வரியையும் படித்தேன். பாடவில்லை, படித்தேன். பாட்டு என்று தெரிந்து அவள் எழுந்துபோவதற்குள் மூன்றாவது வரிக்கு வந்துவிட்டேன். முறம் நின்றது.

“திரும்பப் படிங்க.”

படித்தேன்.

“எடக்கையா?”

“எடக்கைன்னுதான் பாடுறாரு.”

முறத்தை மடியில் இறக்கினாள். “ஜெயா எடக்கையால சோறு அள்ளுனான்னு ஒரு நாளு கைய திருகி அடிச்சேன். அண்ணன் தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சிருச்சு. ‘எந்தக் கையா இருந்தா ஒனக்கென்ன’ன்னு கத்துச்சு. எம் மேல அது கத்துனது அந்த ஒரு தடவதான். ரெண்டு ஞாயித்துக்கெழம சாப்பிட வரல.” அப்புறம் அவளே மெதுவாகச் சொன்னாள். “அந்த அக்கா எறந்துபோன சேதி தவக்காலத்துலதான வந்துச்சு? மறுநாளு அண்ணன் வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டு, தொண்டைக்கு டாக்டரப் பாக்கப் போறேன்னு போச்சு. சாயங்காலம் வந்துச்சு. மருந்து ஒண்ணும் வாங்கிட்டு வரல.”

நீ பாட்டை நிறுத்தியது அன்றிலிருந்துதான். அப்புறம் மூன்று வருடம் இருந்தாய். தொண்டை சரியில்லை என்றாய். நாங்களும் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தோம்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். நாற்பத்தைந்து வருடப் பழி தீர்ந்த சந்தோஷத்தில், “பாத்தியா, நான் இல்ல!” என்று சொல்லிவிட்டேன். அவளுக்குக் கோபம் வந்தால் ‘ங்க’ பறந்துவிடும் என்று உனக்குத்தான் தெரியுமே.

“யோவ், அப்ப நீ யாரையும் நெனச்சு ஏங்கவே இல்லியா?”

“இல்லியே.”

“ஒரு நாளும்?”

“மாதா சத்தியமா.”

“அப்ப நான் இத்தன வருசமா யாரோட மல்லுக்கட்டுனேன்? முகந்தெரியாத ஒருத்திய முந்தணும்னு பாத்துப் பாத்து சேல கட்டுனேன், பாத்துப் பாத்து ஆக்கிப்போட்டேன். பாட்டுல வர்ற ஆளுக்கு வாக்கப்பட்டிருக்கோம்னு உள்ளுக்குள்ள ஒரு இதுவும் இருந்துச்சுய்யா. இப்ப வந்து ஒண்ணுமே இல்லேங்குற!”

மச்சான், அவள் என்னைச் சந்தேகப்பட்டபோதுகூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இல்லை.

அப்புறம்தான் அழுதாள். முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு அழுதாள். “ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம எங்கையால சாப்ட்டுச்சு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே.”

நானும் அதையேதான் கேட்கிறேன். ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். கேலி செய்திருப்பேன். அது உண்மைதான். ஆனால் ஒரு வாரம் கேலி செய்துவிட்டு நிறுத்தியிருப்பேன். நீ என்னை நாற்பத்தைந்து வருடம் வரப்பில் நிற்கவைத்தாயே! கூட்டம் முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, உன் முகத்தை யாரும் பார்க்கவில்லை. அதற்குத்தானா? ஆஸ்பத்திரியில் ‘முழுசாப் பாடணும்’ என்று சொன்னதும் இதற்குத்தானா? முழுதாகக் கேட்டால் எனக்கு விளங்கும் என்று தெரிந்துதான் சொன்னாயா, இல்லை வெறும் பாட்டு ஆசையா?

இதைப் படித்துவிட்டு நம் ஊர்ப் பெரியவர்கள் யாராவது “அது எனக்கு அப்பவே தெரியுமே” என்று சொல்வார்களானால், அவர்களோடும் எனக்குத் தனியாக ஒரு சண்டை இருக்கிறது.

என் பெயரை எடுத்துவிட்டு உன் பெயரைப் போட்டுப் பாடிப் பார்த்தேன். ‘வரப்போரம் நின்னானே அந்தோணி.’ நீ சொன்னது சரிதான். உட்காரவே மாட்டேன் என்கிறது. அதற்குள் ஆரோக்கியமே வந்து தடுத்துவிட்டாள்.

“வேணாங்க. அந்த அக்காவுக்குப் புள்ளைங்க இருக்கு. அண்ணனே மறச்சு வச்சத நாம எதுக்குத் தொறக்கணும்? ஒங்க பேரே இருக்கட்டும்.”

“அப்ப பாட்டு பொய்யாப் போயிடாதா?”

“அது பொய்யாகாம இருக்க ஒரு வழி இருக்கு. எந்திரிங்க.”

எங்கே போனோம் தெரியுமா? வயலுக்கு. இந்த வருடம் ஆற்றில் நல்ல தண்ணீர், நம் வாய்க்கால் கடைசி வரைக்கும் ஓடுகிறது. நம் ஒரு ஏக்கரை வடக்கேயிருந்து வந்திருக்கிற பையன்கள் நட்டுக் கொடுத்தார்கள். கை நல்ல வேகம். ஓரத்தில் மட்டும் அங்கங்கே இடம் விட்டுப்போயிருந்தது, மீந்த முடிகள் தண்ணீரில் கிடந்தன. உன் தங்கை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டாள். முழங்கால் வலி என்று கோயிலில் நாற்காலி கேட்டு உட்காருகிறவள்!

“முடி போடுங்க.”

போட்டேன். பக்கத்தில் விழுந்து அவள் முகமெல்லாம் சேறு.

“எறியாதீங்க. மொதல்ல மண்ண அலசுங்க. பாட்டுல ஒங்க பேருதான இருக்கு?”

வாய்க்கால் கரையில் உட்கார்ந்து அலசினேன். மண் போய் வேர் வெள்ளையாகும் வரை அலசுவது லேசான வேலை இல்லை மச்சான், இடுப்பு கழன்றுவிடுகிறது. நீ ஒரு நாளைக்கு எத்தனை முடி அலசினாய்? ஓரத்தில் நடுகிற அவருக்கு மட்டும் அலசினால் ஊர் பேசும் என்று எல்லோருக்கும் அலசியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா. இல்லை, தெரியாதுதான் போலிருக்கிறது.

ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் அவளுக்குப் பின்னால் வைத்தேன். முதல் இரண்டு முடிக்கும் வேரைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பிரித்தாள். அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டாள். ஏழெட்டு முடி போயிருக்கும். குனிந்த தலை நிமிராமல், திரும்பிப் பார்க்காமல், கையை மட்டும் பின்னால் நீட்டினாள். முடி அங்கே இருந்தது.

அவ்வளவுதான் சேதி. கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். மெழுகுவத்தி அவள் எடுத்து வருவாள், காகிதம் நான் எடுத்து வருவேன். என் குரல் உனக்குத் தெரியும், பக்கத்துக் கல்லறைக்காரர்களிடம் இப்போதே சொல்லிவை. ‘சூசை’ என்றே பாடுவேன். மூன்றாவது வரி வந்ததும் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் எடுப்பேன். அந்த இடம் உன்னுடையது.

இன்னொரு வாக்கும் தருகிறேன். எனக்கு இப்போது எல்லா எழுத்தும் எழுத வரும். நடவில் ஓரத்தில் நின்ற அவர் பெயரை ஒருமுறை சிலேட்டில் எழுதிப் பார்த்தேன், ஒரு தப்பும் இல்லாமல் வந்தது. உடனே அழித்துவிட்டேன். இனி எங்கேயும் எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
வரப்பில் உனக்குப் பதிலாக நின்றவன்,
உன் தங்கைக்கு முடி அலசிப் போடப் பழகிக்கொண்டிருக்கும்
உன் மாப்பிள்ளை சூசை